நம்பிக்கையில் நடக்கும் தொழில்: தென் சென்னையின் சிறு நிறுவனங்களும் இணையப் பாதுகாப்பும்

மயிலாப்பூரில் லஸ் பக்கமோ மாட வீதிகளிலோ உள்ள ஒரு நடுத்தர ஆடிட்டர் அலுவலகத்தின் மேசை இழுப்பறையைத் திறந்தால், பெயர்ச்சீட்டு ஒட்டிய சிறு டோக்கன்கள் கட்டுக்கட்டாகக் கிடப்பதைப் பார்க்கலாம். பென் டிரைவ் போன்ற இவை ஒவ்வொன்றும் ஒரு வாடிக்கையாளரின் டிஜிட்டல் கையெழுத்து. கணினியில் செருகிப் பின் நம்பரைத் தட்டினால், சட்டத்தின் கண்ணுக்கு அந்த முதலாளியே கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 42ஆம் பிரிவு கையெழுத்துக்கு உரியவர்மீதே வைக்கிறது. நடைமுறையிலோ டோக்கன் ஆடிட்டரிடம் இருக்கிறது, பின் நம்பர் சீட்டில் இருக்கிறது. கேட்டால் “நம்ம ஆடிட்டர்தானே சார்” என்பார்கள்.

இந்தப் பதிலை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கடனுக்குச் சரக்கு இறக்குவதும், போனில் சொன்ன சொல்லுக்கு ஆர்டர் எடுப்பதும், சாவிக்கொத்தைப் பழைய வேலையாளிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போவதும் இதே நம்பிக்கையால்தான் நடக்கின்றன. அது இல்லாமல் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒருநாள்கூட ஓடாது. இணையத் திருட்டும் இதற்குள்தான் புகுகிறது. திருடன் ஆடிட்டராக, வங்கிக்காரராக, முதலாளியாக, சரக்கு அனுப்புபவராக வேடம் போட்டுக்கொண்டு வருகிறான். ஆகவே விழிப்புணர்வை வளர்ப்பது எப்படி என்ற கேள்வி, நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ளாமல் அதைச் சரிபார்க்கும் பழக்கத்தை உண்டாக்குவது எப்படி என்ற கேள்வியாகவே வந்து நிற்கிறது. நடந்த சம்பவங்கள், சட்டம், உள்ளூர் அமைப்புகள், பயிற்சி பற்றிய ஆய்வுகள் ஆகியவற்றைக் கொண்டு அதைப் பார்க்கலாம்.

மூன்று பேட்டைகள்

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வரையறைப்படி, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்குள் இருந்தால் குறுந்தொழில், 100 கோடிக்குள் இருந்தால் சிறுதொழில்; முதலீட்டுக்குத் தனி வரம்பு உண்டு. ரங்கநாதன் தெரு பாத்திரக்கடையும், அடையாறு ஸ்கேன் சென்டரும், தரமணியில் நான்கு பேர் நடத்தும் ஸ்டார்ட்அப்பும் சட்டத்துக்கு ஒரே வகை. ஆனால் அவர்கள் இழக்கக்கூடியது வேறு வேறு.

மயிலாப்பூரின் சொத்து பிறருடைய காகிதங்கள். ஆடிட்டர், வக்கீல், பத்திரம் எழுதுபவர் எல்லோரிடமும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பான், ஆதார், வங்கி விவரங்கள் சேர்ந்திருக்கும். வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிடுவது தொழில் ஒழுங்கீனம் என்று பட்டயக் கணக்காளர் சட்டம் 1949லேயே சொல்லிவிட்டது. பீரோவைப் பூட்டும் ஒழுக்கம் அங்கே உண்டு. ஆர்ட்டிக்கிள் கிளார்க்குகள் அத்தனை பேரும் ஒரே பாஸ்வேர்டில் திறக்கும் அலுவலக மின்னஞ்சலுக்கு அந்த ஒழுக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

தியாகராய நகரின் சொத்து கைமாறும் பணம். யூபிஐ 2016இல் வந்தபின் உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் புது ஏமாற்றுகள் முளைத்தன. பணம் போனதுபோலப் போலித் திரையைக் காட்டிச் சரக்கை வாங்கிக்கொண்டு போவது ஒன்று. கடையின் க்யூஆர் கோடு மேல் தன்னுடையதை ஒட்டிவிட்டுப் போவது இன்னொன்று. தீபாவளிக் கூட்டத்தில் பில் போடும் பையன் ஒவ்வொரு திரையாக உற்றுப் பார்க்க முடியுமா? தொகையை உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. சத்தம் வந்தால் பணம் வந்தது. இந்தச் சிறு கருவி சொல்லும் பாடத்துக்குப் பின்னர் வருவோம்.

அடையாற்றின் சொத்து தரவும் நிரலும். எல்.பி. சாலை, காந்தி நகர்ப் பக்கத்துக் கிளினிக்குகளிலும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் நோயாளிகளின் பதிவுகள். சற்றுத் தள்ளி ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் வளரும் நிறுவனங்களுக்கோ, கிளவுடில் இருக்கும் மென்பொருள்தான் முழு முதல். கடைக்காரர் பணத்தை இழந்தால் அடுத்த மாதம் சம்பாதித்துவிடலாம். நோயாளியின் ரிப்போர்ட் ஒருமுறை வெளியே போனால் திரும்பி வராது.

திருடன் வரும் வழிகள்

முதல் வழி, பணம் போகும் திசையைத் திருப்புவது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்” என்று பழைய சப்ளையரின் பெயரில் ஒரு மெயில் வரும். அல்லது முதலாளியின் படம் போட்ட வாட்ஸ்அப் எண்ணிலிருந்து “மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே அனுப்பு” என்று கணக்கருக்குச் செய்தி வரும். 2022 செப்டம்பரில் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டே இப்படித் தலைமைச் செயல் அதிகாரியின் பெயரில் வந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் 2024இல் பதிவான இவ்வகை மின்னஞ்சல் மோசடி இழப்பு மட்டும் சுமார் 277 கோடி டாலர். இதில் கணினி எதுவும் உடைவதில்லை. சம்பளம் வாங்கும் ஊழியர் முதலாளி சொல்லைத் தட்டக்கூடாது என்ற பண்பாடுதான் கதவைத் திறந்துவிடுகிறது.

கணினிக்குள்ளேயே புகுந்து பணத்தைத் திருப்புவதும் உண்டு. தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய சாட்சி கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரியில் அதன் பன்னாட்டுப் பணப் பரிமாற்ற அமைப்புக்குள் புகுந்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு மூன்று உத்தரவுகளை அனுப்பினார்கள். அனுப்பிய உத்தரவுகளுக்கு ஒப்புகையை அச்சிடும் பிரிண்டரையும் முடக்கியிருந்தார்கள். மறுநாள் கணக்கைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. துபாய்க்குப் போக இருந்த தொகையைத் தடுக்க முடிந்தது. சரிபார்க்கும் சீட்டை முதலில் நிறுத்திவிட வேண்டும் என்று திருடர்களுக்குத் தெரிந்திருந்தது. பல சிறு நிறுவனங்களில் அப்படியொரு சீட்டே இல்லை.

இரண்டாம் வழி, பழைய சாவி. 2017இல் சொமாட்டோவின் 1.7 கோடிப் பயனர்களின் விவரம் திருடுபோனதன் தொடக்கம், ஒரு மென்பொறியாளர் வேறொரு தளத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டையே கிட்ஹப் கணக்குக்கும் வைத்திருந்ததுதான். அந்த வேறு தளத்திலிருந்து அது 2015இலேயே கசிந்திருந்தது. 2020 ஆகஸ்டில் பெங்களூரு ஜஸ்பே நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் மாற்றாமல் விட்ட பழைய கிளவுட் சாவி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். 2025 மே மாதம் கிரானாப்ரோ என்ற ஸ்டார்ட்அப்பின் நிரலும் சர்வர்களும் அழிக்கப்பட்டன. முன்னாள் ஊழியர் ஒருவரின் கணக்கு வழியே அது நடந்ததாக நிறுவனம் சொன்னது. மூன்றும் கணினி தெரிந்தவர்கள் நடத்திய நிறுவனங்கள். ஆள் வேலையை விட்டுப் போகும்போது அலுவலகச் சாவியைக் கேட்டு வாங்கும் நாம், அவருடைய கணக்குகளை மூடுவதில்லை.

மூன்றாம் வழி, நமக்கு வேலை செய்து கொடுப்பவர். 2022இல் திருப்பூர் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகள் சுமார் ஒன்றரை லட்சம் பேரின் விவரம் டெலிகிராமில் விலைக்கு வந்தது. கசிந்த இடம் மருத்துவமனை அல்ல, அதற்குக் கணினிச் சேவை செய்த வெளி நிறுவனம் என்றார்கள் அதைக் கண்டறிந்த ஆய்வாளர்கள். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தைத் தாக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரால், அதை நம்பியிருந்த கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் என ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் சில நாட்கள் நின்றது. நம் தெருக்களில் இதற்கு ஈடானவர், கடைக் கணினியைத் தொலைவிலிருந்தே எனிடெஸ்க் போட்டுச் சரிசெய்யும் சர்வீஸ்காரர். அவர் கணினியில் நுழைந்தவன் அவருடைய எல்லாக் கடைகளிலும் நுழைந்துவிடுவான்.

நான்காம் வழி, சரிசெய்யாமல் விட்ட ஓட்டை. 2021இல் சென்னையைச் சேர்ந்த ஸோகோவின் ஒரு மேலாண்மை மென்பொருளில் பெரிய ஓட்டை தெரியவந்தது. நிறுவனம் செப்டம்பரிலேயே திருத்தத்தை வெளியிட்டது. ஜெனீவாவின் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. நவம்பரில் புகுந்தவர்களிடம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நலிந்த மக்களின் விவரங்கள் சிக்கின. செஞ்சிலுவைச் சங்கத்துக்கே இந்த நிலை என்றால், விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் ஆதரவை நிறுத்திய பின்னும் அதிலேயே பில் போடும் கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

“நம்மகிட்ட எடுக்க என்ன இருக்கு?” என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறையைத் தாக்கிய ரேன்சம்வேர் கும்பல் கேட்டது 1,950 டாலர்தான். ஒரு சிறு கடைக்காரர்கூடப் புரட்டிக் கொடுத்துவிடக்கூடிய தொகை. கருவிகள் தாமாகவே இணையம் முழுக்கத் தேடுகின்றன. ஓட்டை இருக்கும் இடம்தான் அவற்றுக்கு முகவரி. இங்கிலாந்தில் கேஎன்பி என்ற 158 ஆண்டுப் பழைய சரக்குப் போக்குவரத்து நிறுவனம் 2023இல் இப்படித் தாக்கப்பட்டு மூடியது. ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தார்கள். ஓர் ஊழியரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்தே உள்ளே வந்தார்கள் என்று நிறுவனம் கருதுகிறது.

சட்டம் கேட்பதும் கடை அறிந்ததும்

கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் இட்ட உத்தரவு, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. சிறு நிறுவனங்களுக்குக் கிடைத்த சலுகை அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரையிலான அவகாசம் மட்டுமே. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். ஸ்டார்ட்அப்புகளுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. தரவைப் பாதுகாக்கும் கடமை அந்த விலக்குப் பட்டியலில் இல்லை.

பணம் போனால் யார் பொறுப்பு? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளருடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாதபோது, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது. நான்கிலிருந்து ஏழு நாட்களுக்குள் என்றால் சிறுதொழில் நடப்புக் கணக்குக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். ஓடிபியைத் தானே சொல்லிவிட்டால், புகார் செய்யும் வரை போனதெல்லாம் அவர் தலையில்தான். நாட்கணக்கு இவ்வளவு முக்கியம் என்பது பெரும்பாலான கடைகளுக்குப் பணம் போன பிறகே தெரியவருகிறது.

இன்னொரு முரண்பாடும் உண்டு. “ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று அரசும் வங்கியும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் எடுக்க எல்லா வணிகர்களுக்கும் ஓடிபி கட்டாயமானது. ஓடிபி முதலாளியின் போனுக்கு வருகிறது. பில் எடுப்பவர் குடோனிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ இருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஓடிபி அனுப்புவது அன்றாட அலுவலாகிவிட்டது. நாளுக்கு நான்கு தடவை ஓடிபி அனுப்பிப் பழகிய விரல், ஐந்தாவது தடவை யாருக்கு என்று பார்க்குமா? அதே தளத்தில் ஊழியருக்குத் தனிக் கணக்கு திறந்து அவருடைய எண்ணையே பதிய வழி இருக்கிறது. போஸ்டர் அடிப்பதைவிட அந்த வழியைக் காட்டிக் கொடுப்பது உருப்படியான விழிப்புணர்வு.

இருக்கும் அமைப்புகள்

உதவிக்கு ஆள் இல்லாத ஊர் இல்லை இது. 1991 முதல் ஆன்டிவைரஸ் செய்யும் கே7 சென்னை நிறுவனம். தரமணியில் இணையப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென்றே செட்ஸ் இயங்குகிறது. ஐஐடியில் இத்துறைக்கெனத் தனி மையம் உண்டு. தமிழ்நாடு அரசு 2020இலேயே இணையப் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டு 2024இல் புதுப்பித்தது. சென்னைக் காவல்துறை 2020இல் துணை ஆணையர் மாவட்டங்கள்தோறும் சைபர் குற்றப் பிரிவுகளைத் தொடங்கியது. அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் மூன்றும் அவற்றில் அடக்கம். செர்ட்-இன் 2025 செப்டம்பரில் சிறுதொழில்களுக்கென்றே 15 அடிப்படைக் காப்புகளை வகுத்துக் கொடுத்திருக்கிறது.

பணம் போனவுடன் அழைக்க வேண்டிய எண் 1930. புகார் பதிவானதும் தகவல் வங்கிகளுக்குப் போய், பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவும் வழியிலேயே முடக்கப்படுகிறது. மாநில சைபர் குற்றப் பிரிவின் கணக்குப்படி 2024இல் தமிழ்நாடு இழந்தது சுமார் 1,673 கோடி ரூபாய். முடக்கப்பட்டது 771 கோடி. உரியவர்கள் கைக்குத் திரும்பியது 83 கோடி. முடக்கியதற்கும் திரும்பியதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் வருமுன் காப்பதன் மதிப்பு விளங்கும். முதல் மணி நேரத்தில் அழைத்தவருக்கும் மறுநாள் அழைத்தவருக்கும் உள்ள வித்தியாசமும் அதில்தான் ஒளிந்திருக்கிறது.

இவற்றுக்கும் கடைக்கும் நடுவேதான் இடைவெளி. பெரும்பாலான வழிகாட்டுதல்கள் ஆங்கிலத்தில், பாதுகாப்பு அதிகாரி உள்ள நிறுவனத்தை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. கருத்தரங்குகள் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில், வேலை நாட்களின் பகலில் நடக்கின்றன. கல்லாவை விட்டு அண்ணாச்சி எழுந்து வர முடியாத நேரம் அது.

பயிற்சி பலன் தருகிறதா?

இங்கே ஆய்வுகள் சங்கடமான பதில் தருகின்றன. சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தார் ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதங்கள் கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், போலி மெயிலைச் சொடுக்கியவருக்கு அப்போதே பாடம் காட்டும் வழக்கமான முறை அவர்களை மேலும் உஷாராக்கவில்லை என்று கண்டார்கள். சான் டியகோவில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் 19,500 ஊழியர்களிடம் எட்டு மாதங்கள் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் வெறும் 1.7 சதவீதம்.

சூரிச் ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. சந்தேகமான மெயிலை ஒரே சொடுக்கில் தெரிவிக்க ஊழியர்களுக்கு வழி செய்தபோது, அவர்கள் மாதக்கணக்கில் சலிக்காமல் தெரிவித்தார்கள்; புதுத் தாக்குதல்கள் சீக்கிரமே பிடிபட்டன. ஆக, பாடம் சொல்லும் மேடையைவிட, தோன்றிய சந்தேகத்தைச் சொல்ல ஒரு வாசல் இருப்பதே பயன் தருகிறது. ஆன் ஆடம்ஸ், ஆஞ்சலா சாஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999லேயே இந்தத் திசையைக் காட்டினார்கள். மனிதர் சுமக்க முடியாத விதிகளை வைத்துவிட்டு மனிதரைக் குறை சொல்வதில் பயனில்லை என்பது அவர்கள் கட்டுரையின் சாரம்.

சவுண்ட் பாக்ஸ் சொன்ன பாடமும் இதுவே. தியாகராய நகர்ப் பையன்களுக்கு யாரும் போலித் திரையைக் கண்டுபிடிக்க வகுப்பு எடுக்கவில்லை. சரிபார்ப்பு வேலைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது, அதனால் நிலைத்தது. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழிப் பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டச் சொல்லி வங்கிகளைக் கட்டாயப்படுத்தியதும் இதே வகை. மாற்றுக் கணக்கு மோசடிக்கு அது நல்ல தடை. திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டு அனுப்பும் பழக்கம் வந்தால் போதும்.

எதைத் தொடங்கலாம்

தொடங்க வேண்டிய இடம் ஏற்கெனவே நம்பிக்கை உள்ள இடம். கடைக்காரர் காவல்துறைத் துண்டறிக்கையைப் படிக்கமாட்டார். ஆடிட்டர் சொன்னால் கேட்பார், டேலி சர்வீஸ்காரர் சொன்னால் கேட்பார், வணிகர் சங்கத் தலைவர் சொன்னால் கேட்பார். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்மண்டலக் கிளையும், ஆண்டுதோறும் மே 5இல் வணிகர் தினம் கொண்டாடும் சங்கங்களும் இதைத் தமிழில் எடுத்துச் செல்லத் தகுந்தவை. மயிலாப்பூர் ஆடிட்டர் தன் இழுப்பறையைக் காலி செய்து டோக்கன்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தால், அந்த ஒரு செயல் ஐம்பது முதலாளிகளுக்குப் பாடமாகும்.

சொல்ல வேண்டியவையும் குறைவாக இருக்க வேண்டும். கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால், செய்தியில் உள்ள எண்ணை விட்டு, பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் பேசிய பிறகே பணம். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, ஆளுக்கொரு கணக்கு. டேலித் தரவின் ஒரு நகல், வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றிவைத்த டிஸ்கில். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகையாகவோ போக்குவரத்து அபராதச் சீட்டாகவோ வரும் ஏபிகே கோப்பைத் தொடாமல் இருப்பது. சர்வீஸ்காரருக்கு வேலை நேரத்தில் மட்டும் தொலைவு அனுமதி. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஸ்டார்ட்அப்புகளுக்கு இரண்டு கூடுதல்: சாவிகளை நிரலுக்குள் எழுதாதிருப்பது, ஆள் விலகும் நாளிலேயே அவர் கணக்குகள் அனைத்தையும் மூடும் பட்டியல் ஒன்று வைத்திருப்பது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, நியாயமானதுதான். வங்கியும் செயலி நிறுவனமும் மென்பொருள் விற்பவரும் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு, எல்லாப் பாரத்தையும் பில் போடும் பெண் தலையில் ஏற்றுவதா? ஏற்றக்கூடாது. பெயர் காட்டும் விதிபோல, தவறு செய்யவே கஷ்டமாக இருக்கும்படி கருவிகளை அமைப்பது அந்தப் பெரிய நிறுவனங்களின் கடமை. வணிகர் சங்கங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் கருவி எதுவும் செய்து தர முடியாத ஒன்று கடைக்குள்ளேயே இருக்கிறது. “அவசரம், உடனே அனுப்பு” என்று முதலாளி பெயரில் செய்தி வந்தால், பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு அவரையே போனில் கூப்பிட்டுக் கேட்கும் உரிமை கணக்கருக்கு வேண்டும். செய்தி உண்மையாகவே முதலாளி அனுப்பியதாக இருந்த நாளிலும் அவர் எரிந்து விழாமல் “சரியாத்தான் செஞ்சே” என்று சொல்ல வேண்டும். எந்தக் கருத்தரங்கும் தர முடியாத அந்த உரிமையைத் தர வேண்டியவர் முதலாளி. அதனால் முதல் பயிற்சி அவருக்குத்தான்.